நிலாவுக்குப் பதவி உயர்வு

“நான் கிளம்புறேம்மா” என்றார் தருமலிங்கம்.

மெய்யம்மை தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எங்க சார்?”

“பக்கத்து ஊர்ல புதுசா வான்பள்ளி தொடங்குறாங்க. என்னைத்தான் தலைமை ஆசிரியரா கூப்பிடுறாங்க. ஏழரைக்கு ஜீப் வருது.”

தருமலிங்கத்துக்கு ஐம்பத்தாறு வயது. கணக்கு வாத்தியார் வேலையை உதறிவிட்டு, தன்னைவிட இருபது வயது இளையவரான மெய்யம்மை வெள்ளிப்பாறைக் குன்றில் நடத்தும் வான்பள்ளிக்கு வானம் படிக்க ஏறி வந்தவர். வந்து ஒன்பது வருஷம் ஆயிற்று.

“இங்க என்ன குறை?”

“பாதிப் பாடம் நான்தான் எடுக்கிறேன். கிரகணம் எப்பன்னு கணிக்கிறதும் நான்தான். ஆனா வர்றவங்க என்னைப் பார்த்ததும் ‘அம்மா இல்லையா?’ன்னுதான் கேட்கிறாங்க. உங்களைச் சுத்தியே என் காலம் போயிரும் போல.”

மெய்யம்மை சிரித்தார். கோபமாக இருப்பவரிடம் சிரிப்பது அவர் வழக்கம். அதிலேயே பாதிக் கோபம் போய்விடும். மீதிப் பாதி அன்று போகவில்லை.

“வாங்க, இதுல பாருங்க.”

கிழக்கே அப்போதுதான் வியாழன் ஏறியிருந்தது. பக்கத்தில் வரிசையாக நான்கு புள்ளிகள்.

“வியாழனை ஒட்டினாப்ல ஒண்ணு இருக்கே, என்ன அது?”

“கனிமீடு. வியாழனோட நிலா.”

“எவ்வளவு பெரிசு?”

“நிலாக்கள்லயே பெரிசு. புதன் கிரகத்தைவிடப் பெரிசு.” சொல்லும்போதே தருமலிங்கத்தின் குரல் உயர்ந்தது. “பார்த்தீங்களா! புதனைவிடப் பெரிசு, அதைப் போய் நிலாங்கிறோம். ஏன்? பெரிய ஆளைச் சுத்துதுன்னு! என்னம்மா நியாயம் இது?”

“அநியாயம்தான்.” மெய்யம்மை சாக்பீஸை நீட்டினார். “இன்னிக்கே பதவி உயர்வு குடுத்துருங்க.”

“விளையாடுறீங்க.”

“இல்ல சார். பலகையில எழுதுங்க.”

தருமலிங்கம் பெரிய எழுத்தில் எழுதினார்: ‘இன்று முதல் கனிமீடு ஒரு கிரகம்.’

எழுதி முடித்தபோது அவருக்கு உண்மையாகவே நெஞ்சு நிமிர்ந்தது.

நன்றாக இருட்டியதும் வானம் பார்க்க ஊர்க்காரர்கள் வந்தார்கள். மெய்யம்மை பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். தருமலிங்கம்தான் பேசினார். பனிக்கட்டிக்கு அடியில் அதற்கென்று ஒரு கடல், அதற்கென்று ஒரு காந்தப்புலம், அப்படிப்பட்டதை இத்தனை காலம் வெறும் நிலா என்று சொல்லிவிட்டோமே என்று பொரிந்து தள்ளினார். கூட்டம் கை தட்டியது.

அடிவாரத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் பேச்சித்தாய் தொலைநோக்கியில் வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

“ஐயா, இதுக்கா பதவி குடுத்திருக்கீங்க?”

“ஆமா.”

“அதுக்குத் தெரியுமா?”

யாரோ சிரித்தார்கள். பேச்சித்தாய் சிரிக்கவில்லை.

“இல்ல, தெரிஞ்சா சந்தோஷப்படுமேன்னு கேட்டேன்.”

தருமலிங்கம் சட்டென்று குனிந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தார்.

புள்ளி வியாழனை இன்னும் நெருங்கியிருந்தது. தன் பனியோடும் கடலோடும், அவசரமே இல்லாமல், அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டே சிரித்தார்.

கீழே ஜீப் ஹாரன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அடித்தது.

“சார், ஜீப் வந்துருச்சு” என்றார் மெய்யம்மை.

“கொஞ்சம் இருங்கம்மா” என்றார் தருமலிங்கம், கண்ணை எடுக்காமலே. “அது இப்பதான் வியாழனுக்குப் பின்னால போகுது.”