துக்கம் கேட்காத மேனேஜர்

"மேடம், எனக்கு எல்லா விடையும் தெரியுது. ஆனா தேற மாட்டேங்குது. என்ன கோளாறுன்னே புரியல" என்றார் தணிகாசலம்.

"இன்னிக்கு வெச்ச மாடல் டெஸ்ட்லயும் போச்சா?" என்றாள் ரோஸ்லின்.

"போச்சு."

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் குருவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சிஷ்யருக்குக் காதோரம் முழுக்க நரை. சிஷ்யர் குருவை மேடம் என்பார், குரு சிஷ்யரை சார் என்பாள். தாடியும் கமண்டலமும் இருந்தால்தான் ஞானம் வரும் என்கிறவர்கள் வேறு கதையைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆசிரமம் அம்பத்தூரில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. எச்.ஆர். வேலைக்கான சான்றிதழ் பரீட்சைக்கு அங்கே பாடம் நடக்கும். படி ஏறும்போதே பன் வாசனை பசியைக் கிளப்பிவிடும்.

தணிகாசலம் ஒரு தொழிற்சாலையில் எச்.ஆர். மேனேஜர். டைம் ஆபீசில் வருகைப் பதிவு கிளார்க்காகச் சேர்ந்து மேலே வந்தவர். அனுபவம் மலையளவு. ஆனால் புதிதாக வந்த முதலாளிக்கு மலை வேண்டாம், சான்றிதழ்தான் வேண்டும். "இந்தப் பரீட்சையில தேறுங்க. இல்லேன்னா உங்க சீட்டுல வேற ஆள்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அடுத்தவர்களை வீட்டுக்கு அனுப்பிப் பழகிய மனுஷர்தான். தன் தலைக்கே கத்தி வந்ததும் ரோஸ்லினிடம் பாடம் கேட்க வந்துவிட்டார்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. அன்று வெள்ளி.

"போன மாசம் வரைக்கும் நீங்கதானே சார் வகுப்புல முதல்? எங்க தடுக்குது?"

"ஒரு கேள்வி மேடம். அது வந்தா அங்கேயே உக்காந்துடறேன். அதுக்கு மேல ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல. நேரம் முடிஞ்சு கம்ப்யூட்டர் திரை மூடிக்குது."

"எந்தக் கேள்வி?"

அவர் வாயால் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தார்.

ரோஸ்லின் உரக்கப் படித்தாள். "ஆட்குறைப்பில் வேலை இழந்த ஊழியர் ஒருவர் பிறகு இறந்துவிடுகிறார். அவர் குடும்பத்தை நிறுவனம் எப்படி அணுக வேண்டும்?"

"அதேதான்."

"விடை தெரியாதா?"

"தெரியும். ஆப்ஷன் சி. எழுத்து மூலமா அனுதாபம் தெரிவிக்கணும். நேர்ல போகக் கூடாது. போனா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"கரெக்ட். அப்புறம் என்ன?"

"கை அங்க போக மாட்டேங்குது மேடம்."

ரோஸ்லின் புத்தகத்தை மூடினாள்.

"யாரு சார் செத்தது?"

தணிகாசலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குப்புராஜ்னு ஒருத்தர். லேத்துல இருந்தார். நானும் அவரும் ஒரே வருஷத்துல சேர்ந்தவங்க. நான் மேனேஜர் ஆனப்புறமும் அங்க என்னைத் தணிகான்னு கூப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான். ஆட்குறைப்புல அவர் பேர் வந்துச்சு. நான்தான் கூப்பிட்டுச் சொன்னேன்."

"எப்படிச் சொன்னீங்க?"

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான். சுருக்கமா. மன்னிப்புக் கேக்காம. மேஜை மேல ஒரு கிளாஸ் தண்ணி வெச்சு."

"அவர் என்ன சொன்னார்?"

"'நீ குடி தணிகா, உனக்குத்தான் கை நடுங்குது'ன்னார்."

கீழே பேக்கரியில் யாரோ டீ கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப தவறினார்?"

"ரெண்டு வாரம் ஆகுது. நெஞ்சு வலி."

"போனீங்களா?"

"மேல இருக்கறவங்க போகக் கூடாதுன்னுட்டாங்க மேடம். கம்பெனி சார்பா கூரியர்ல ஒரு அனுதாபக் கடிதம் போச்சு."

"யார் எழுதினா?"

"நான்தான்."

"சார், எங்கம்மா ஒண்ணு சொல்வாங்க. நல்லதுக்குப் போகலேன்னாலும் கெட்டதுக்குப் போயிடணும்னு."

"எங்கம்மாவும் சொல்வாங்க."

"எல்லார் அம்மாவும் சொல்ற பாடம் சார் அது! அதுல கோட்டை விட்டுட்டு என் பாடத்துல பாஸ் ஆகணும்னு வந்து நிக்கிறீங்களே!"

அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"போய் துக்கம் கேட்டுட்டு வாங்க. அப்புறம் தரேன்."

"நாளைக்கு விட்டா மறுநாள் பரீட்சை மேடம். நான் படிக்கணும்."

"போங்க சார்."

"அங்க போய் நான் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். போய் உக்காந்துட்டு வாங்க."

சனிக்கிழமை காலையில் போனார்.

வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே பாயில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். தணிகாசலமும் உட்கார்ந்தார்.

குப்புராஜின் மனைவி தெய்வானை உள்ளேயிருந்து வந்தாள். இவரைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா அண்ணே? உங்க சிநேகிதர் போய்ச் சேர்ந்துட்டாரே" என்று வாய்விட்டு அழுதாள். வீடே சேர்ந்து அழுதது.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். குரு சொன்னதும் அதுதான். ஆனால் காலமெல்லாம் கம்பெனி பாஷை பேசிய வாய் சும்மா இருக்குமா?

"தங்கள் ஈடுசெய்ய முடியாத இழப்புக்கு நிறுவனத்தின் சார்பில் ஆழ்ந்த..." என்று ஆரம்பித்துவிட்டார்.

அட பாவி மனுஷா!

தெய்வானையின் தம்பி எழுந்துவிட்டான். "அதான் கூரியர்ல அனுப்பிட்டீங்களே சார். மறுபடியும் எதுக்கு வாசிக்கிறீங்க?"

தணிகாசலத்துக்கு முகம் செத்துப்போயிற்று. அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்தார். எழுந்தவர் பதற்றத்தில் கையைக் கூப்பி, "அப்ப நான் போயிட்டு வரேன்" என்றார்.

பாயில் இருந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். துக்க வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று யாராவது சொல்வார்களா? சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவதுதான் முறை. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இந்த மனுஷரோ பத்துப் பேருக்கு நடுவில், கணீரென்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க அண்ணே" என்றாள் தெய்வானை.

"அக்கா!" என்றான் தம்பி.

"நீ சும்மா இருடா." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாளைக்கு அவருக்குப் படம் திறக்கறோம். பத்து மணிக்கு. கொஞ்சம் முன்னாடியே வாங்க. வரும்போது அவரோட அட்டையைக் கொண்டாங்க. கழுத்துல மாட்டிட்டு வருவாரே, வேலையை விட்டு அனுப்பும்போது வாங்கி வெச்சுக்கிட்டீங்களே, அது. முக்கு ஸ்டூடியோவுல சொல்லி வெச்சிருக்கேன். குடுத்தா அரை மணியில பெருசு பண்ணித் தந்துடுவாங்களாம்."

"வேற போட்டோ இல்லையாம்மா?"

"செல்லுல இருக்கு. எல்லாம் வேலை போனப்புறம் எடுத்தது. தாடியும் குழி விழுந்த கண்ணுமா. வேலை போன மனுஷனா அவரைச் சுவத்துல மாட்ட எனக்கு மனசு வரல அண்ணே. கம்பெனிச் சட்டையோட இருக்கட்டும். அதுலதான் அவர் அவரா இருப்பார்."

தணிகாசலம் தலையை ஆட்டினார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் பேக்கரி மாடிக்கு வந்தார்.

"போனீங்களா?" என்றாள் ரோஸ்லின்.

"போனேன்."

"அப்பாடா! இந்தாங்க உங்க புத்தகம்."

அவர் வாங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். கூரியர் வாசகத்தை ஒப்பித்ததையும் சொன்னார். 'போயிட்டு வரேன்' என்றதைச் சொன்னபோது ரோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டாள். அட்டை விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு சார். அந்தம்மாவுக்கு உங்களால ஆகற காரியம் ஒண்ணு கிடைச்சுதே. காலையில வெள்ளனே கொண்டுபோய்க் குடுத்துட்டு நேரா பரீட்சைக்குப் போயிடலாம். அட்டை ஆபீஸ்ல இருக்கா?"

"அட்டையைத் திருப்பி வாங்கினதும் என்ன செய்யணும் மேடம்?"

ரோஸ்லின் அவரையே பார்த்தாள். பாடம் நடத்தியவள் அவள். தெரியாமல் இருக்குமா?

"கத்தரிக்கணும்" என்றாள்.

"கத்தரிச்சேன். அவர் எதிர்லயே. நடுவுல வெட்டணும்ங்கறது விதி. போட்டோ நடுவுலதான் இருந்துச்சு. வெட்டிக் குப்பையில போட்டுட்டேன்."

"கம்ப்யூட்டர்ல இருக்குமே சார்?"

"போனவங்க போட்டோவை அழிச்சுடணும். அதையும் செஞ்சேன். எல்லாம் முறைப்படிதான் மேடம், ஒரு குறையும் வைக்கல."

ரோஸ்லின் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் இருந்த புத்தகத்தை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் அவள் முயற்சி செய்யவில்லை.

பிறகு தணிகாசலம் எழுந்தார்.

"நாளைக்கு நான் அங்க போறேன் மேடம்."

"பரீட்சையும் பத்து மணிக்குத்தான் சார்."

"தெரியும்."

"உங்க வேலை போயிடும் சார்."

"தெரியும் மேடம்."

"இப்பவே ஒரு எட்டு போய்ச் சொல்லிட்டு வந்துடுங்களேன். இல்ல, அந்தத் தம்பிக்காவது ஒரு போன் போட்டு..."

"பத்துப் பேர் முன்னாடி வரேன்னுட்டேன். பத்துப் பேர் முன்னாடிதான் போகணும்."

அவர் கதவு வரைக்கும் போய்விட்டார். ரோஸ்லின் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"வெறுங்கையோட அந்தம்மா எதிர்ல எப்படி சார் நிப்பீங்க? அட்டை எங்கேன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"நான்தான் வெட்டினேன்னு சொல்வேன்."