வெயிலுக்கு வைத்த அளவு

தணிகாசலம் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் படம் எடுக்க அவருக்குக் கற்றுத்தரும் மெஹருன்னிசா, அவரைவிட இருபது வயது இளையவர். பல வருடம் பத்திரிகைக்குப் படம் எடுத்துக் களைத்தவர்.

அன்று காலையிலிருந்து இருவரும் சென்னை மண்ணடியில் நடந்துகொண்டிருந்தார்கள். சித்திரை வெயில். தணிகாசலத்தின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஒரு படமும் தேறவில்லை. இன்றோடு நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தார்.

“மேடம், வெயிலுக்கு செட்டிங் வெச்சா நிழல் இருட்டாயிடுது. நிழலுக்கு வெச்சா வெயில் வெளுத்துப்போகுது. எதைத்தான் வெக்கறது?”

புகைப்பட வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவர் கேட்டுவரும் கேள்வி. மெஹருன்னிசா பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

எதிர்ப்புறம், தார்ப்பாய் நிழலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கயிறு கட்டிய பெட்டியோடு ஒருவர் இறங்கினார். சந்திலிருந்து வெளியே வந்த சிறுமி ஒருத்தி அவரைப் பார்த்து அப்படியே நின்றாள்.

தணிகாசலம் குனிந்து, நிழலுக்காகக் கேமராவில் ஐஎஸ்ஓவை ஏற்றினார். ஷட்டர் வேகத்தைச் சரிபார்த்தார். நிமிர்ந்தபோது, சிறுமி அந்த மனிதரின் தோளில் முகம் புதைத்திருந்தாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டதால் முதுகுதான் தெரிந்தது.

சிறுமியின் பின்னாலேயே ஓடிவந்த அவள் அம்மா, கேமராக்களைப் பார்த்துவிட்டு இவர்களிடம் வந்தாள். மூச்சு வாங்கியது.

“சார், எடுத்தீங்களா? இவ அப்பா அஞ்சு வருஷம் கழிச்சு சவுதியிலேருந்து வர்றாரு. போகும்போது இவ கைக்குழந்தை. அவருகிட்ட போவாளோ மாட்டாளோன்னு பயந்துகிட்டே இருந்தேன். நான் போனை எடுக்கறதுக்குள்ள ஓடிட்டா.”

“இல்லம்மா. ரெடி பண்ணிட்டு இருந்தேன்.”

“பரவால்ல சார்” என்றாள். குரல் இறங்கிவிட்டது.

மெஹருன்னிசா எழுந்திருக்காமலே தன் கேமராவை நீட்டினார்.

படம் இருட்டாக இருந்தது. சிறுமியின் கால்கள் ஓட்டத்தில் கலங்கலாக விழுந்திருந்தன. கழன்ற செருப்பு ஒன்று பின்னால் கிடந்தது. அவள் அப்பா தரையில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் விரித்திருந்தார். வருவாள் என்று இன்னும் நம்பாத முகம்.

அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படத்தை அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்துவிட்டுப் போனாள்.

தணிகாசலம் படியில் உட்கார்ந்தார்.

“என்ன செட்டிங் மேடம்?”

“வெயிலுக்கு வெச்சிருந்தது.”

“அவங்க நிழல்லதானே இருந்தாங்க?”

“ஆமா.”

“இருட்டா வரும்னு உங்களுக்குத் தெரியுமே.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் மாத்தல?”

மெஹருன்னிசா தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் கொடுத்தார்.

“அவ ஓட ஆரம்பிச்சுட்டா சார்.”