மாறுதல் விண்ணப்பம்

தங்கமாரிக்கு வயது நாற்பத்து நான்கு. அரசு மருத்துவமனையில் பதினெட்டு வருடம் நர்ஸாக இருந்தவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, உள்ளூர்ச் சட்டக் கல்லூரியில் மூன்று வருடப் படிப்பில் சேர்ந்தாள். ஏன் என்று வீட்டில் கேட்டபோது, "சும்மாதான்" என்றாள்.

அவளுடைய குரு ஹபீபாவுக்கு வயது முப்பத்தொன்று. அந்த ஊர்க் கோர்ட்டில் வக்கீல். சனிக்கிழமைகளில் கல்லூரிக்கு வந்து பாடம் எடுப்பார். மாணவியை அவர் அக்கா என்று கூப்பிடுவார். அக்கா அவரை மேடம் என்பாள்.

முதல் வருடம் முடிந்த கையோடு, ஒரு திங்கட்கிழமை மாலை, தங்கமாரி ஹபீபாவின் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் ஒரு படிவம்.

"மேடம், நகரத்துச் சட்டக் கல்லூரியில ரெண்டாம் வருஷத்துக்கு இடம் காலியா இருக்காம். வெள்ளிக்கிழமை கடைசித் தேதி. மாறிடலாமா?"

"ஏன் மாறணும்?"

"இங்கே சாட்சியச் சட்டத்துக்கு ஆளே போடல. லைப்ரரி பாதி நாள் பூட்டிக் கிடக்கு. போன மாசம் வாதப் போட்டியில நான் பேச்சு வராம நின்னப்ப, பின்னாலேருந்து ஒருத்தன், 'யாராவது இவங்களுக்கு ஊசி போடுங்கப்பா'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க."

"இதெல்லாம் இங்கே இருக்கிறது. அங்கே என்ன இருக்கு?"

தங்கமாரி யோசித்தாள். "தெரியல மேடம்."

"அப்ப ஒரு நாள் போய் வகுப்புல உட்கார்ந்துட்டு வாங்க. ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வாங்க."

"என்ன கேள்வி?"

"நர்ஸ் வேலையை விட்டுட்டு எதைத் தெரிஞ்சுக்க இந்தப் படிப்புக்கு வந்தீங்களோ, அது."

தங்கமாரியின் முகம் மாறியது. ஹபீபா அதைப் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் தங்கமாரி பஸ் ஏறினாள். நான்கு மணி நேரப் பயணம். நகரத்துக் கல்லூரியில் சாட்சியச் சட்டம் நடத்துபவர் இன்னாசி என்ற பேராசிரியர். அவர் இவளைப் பார்த்ததும், "எந்தப் பையனோட அம்மா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னாள். "உட்காருங்க" என்றார்.

அன்றைய பாடம் வேறு எதுவோ. தங்கமாரி கடைசி வரிசையில் அமர்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். முடிகிற நேரத்தில் எழுந்தாள்.

"சார், ஒரு கேள்வி. தீக்காயத்தோட ஒரு பொண்ணு ஆஸ்பத்திரிக்கு வருது. மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் எழுதுறார். ஸ்டவ் வெடிச்சதுன்னு அது சொல்லுது. அவர் போன பிறகு, ராத்திரி டியூட்டி நர்ஸோட கையைப் பிடிச்சுக்கிட்டு, ஸ்டவ் வெடிக்கல, என் புருஷன்தான்னு சொல்லுது. மறுநாள் இறந்துடுது. நர்ஸ்கிட்ட சொன்னது செல்லுமா?"

பேராசிரியர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

"யார்கிட்ட சொல்லியிருந்தாலும் அது சாட்சியம்தான்" என்றார் இன்னாசி. "ரெண்டும் முரணா இருக்கிறதால எதை எவ்வளவு நம்புறதுன்னு கோர்ட் பார்க்கும். ஆனா அந்த நர்ஸ் கூண்டுல ஏறிச் சொல்லலாம். சொன்னாங்களா?"

"அவங்களை யாரும் கேட்கல சார்."

"கேட்கலன்னா, அவங்களா போய்ச் சொல்லியிருக்கலாமே?"

தங்கமாரி உட்கார்ந்துவிட்டாள். முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி அவளையே பார்த்தாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை மறுபடியும் ஹபீபாவின் அறைக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு பேர் என்னக்கா?"

"சகுந்தலா. இருபத்திரண்டு வயசு. பதினோரு வருஷம் ஆச்சு. நர்ஸ்கிட்ட சொன்னதெல்லாம் கணக்குல வராதுன்னுதான் இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்படி நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு."

ஹபீபா தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அந்தக் கல்லூரி எனக்கு வேணாம் மேடம்" என்றாள் தங்கமாரி.

"ஏன், பாடம் சரியா நடத்தலையா?"

"நல்லாத்தான் நடத்தினார்."

"லைப்ரரி?"

"ராத்திரி எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கு. வகுப்பு முடிஞ்சதும் அந்த முன்வரிசைப் பொண்ணு என்னைக் கூட்டிட்டுப் போச்சு. ரெண்டு வாக்குமூலம் ஒண்ணுக்கொண்ணு முரணா இருந்த பழைய தீர்ப்புகளை எடுத்துக் காட்டுச்சு. நாலு மணி பஸ்ஸை விட்டுட்டேன்."

"எத்தனை தீர்ப்பு படிச்சீங்க?"

"ஏழு." தங்கமாரி கொஞ்சம் நிமிர்ந்தாள். "ஒண்ணுல முதல்ல சொன்னதை ஏத்துக்கிட்டாங்க. இன்னொண்ணுல ரெண்டாவது சொன்னதை. அது ஏன்னு எனக்குப் பிடிபடல. சகுந்தலா வாக்குமூலம் கொடுக்கும்போது, மாமியார் அதோட குழந்தையைத் தூக்கிக்கிட்டு கதவுகிட்டயே நின்னாங்க மேடம். நான் பார்த்தேன். வாசல்ல யார் நின்னாங்கன்னு கோர்ட் கேட்குமா? பதினோரு வருஷம் கழிச்சு ஒருத்தி வந்து சொன்னா என்ன பண்ணுவாங்க? இவ்வளவு நாள் ஏன் சொல்லலன்னு என்னையே குற்றவாளி ஆக்குவாங்களா? பஸ்ல வரும்போது எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன்."

நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். இரண்டு பக்கம் நிறைய இருந்தது. பஸ் குலுங்கியதில் எழுத்துகள் கோணல்மாணலாகக் கிடந்தன. ஹபீபா நிதானமாக வாசித்தார்.

"இதுல மூணு எனக்குத் தெரியும். மத்ததுக்கு நானும் தேடணும்."

"அப்ப நீங்களே சொல்லிக் கொடுங்களேன். நான் இங்கேயே இருந்துடுறேன்."

"சனிக்கிழமை ஒரு மணி நேரம். அது போதுமா உங்களுக்கு?"

தங்கமாரி படிவத்தை எடுத்து நான்காக மடித்தாள். பிறகு பிரித்தாள்.

"இன்னாசி சார் என்னைத் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. அவர் சாதாரணமாக் கேட்டார். தினம் அந்த முகத்தைப் பார்க்கணுமே."

"ஆமா. பார்க்கணும்."

"இங்கே என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்றாங்க. அது பழகிடும்."

"பழகிடும்" என்றார் ஹபீபாவும்.

கீழே ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம் கேட்டது. தங்கமாரி எழப்போனவள், கடைசியாக ஒன்று நினைவுக்கு வந்ததைப்போல மறுபடி உட்கார்ந்தாள்.

"மேடம், நீங்க இதே கல்லூரியிலதானே படிச்சீங்க? அப்பவும் லைப்ரரி பூட்டித்தான் இருந்திருக்கும். அப்பவும் வாத்தியார் இல்ல. இன்னைக்கு உங்களைவிட நல்ல வக்கீல் இந்தக் கோர்ட்டுல கிடையாது. எங்கே படிச்சா என்ன, மனசு வெச்சாப் போதும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் இந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடுறேன்."

ஹபீபா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எனக்கும் அந்த நகரத்துக் கல்லூரியில இடம் கிடைச்சது அக்கா. பொம்பளைப் பிள்ளையை வெளியூர் அனுப்ப மாட்டேன்னு வாப்பா சொல்லிட்டார். ஒரு வாரம் அழுதுட்டு இங்கே சேர்ந்தேன். அதுக்கு ஞானம்னு பேர் வெச்சு உங்க தலையில கட்ட மாட்டேன்."

தங்கமாரி படிவத்தின் மடிப்புகளை நீவி விட்டாள். பிறகு மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்தாள்.