கூடைச் சோதனை

தூத்துக்குடியின் அந்தப் பெரிய ஜவுளிக்கடைக்குள் கைப்பையோடு எத்தனையோ பெண்கள் போனார்கள். ஒருவரையும் நிறுத்தவில்லை. மகளுக்குக் கவுன் எடுக்க வந்த மீன்காரி அமலோற்பவத்தின் கறுத்த முகத்தையும் பழைய சேலையையும் பார்த்ததுமே மேலாளர் குறுக்கே வந்தார்.

"போகும்போது உன் கூடையைச் சோதிப்பேன்."

"சோதிங்க அண்ணாச்சி."

உள்ளே போனவள், கூடையில் மிஞ்சியிருந்த உயிர்நண்டின் கொடுக்கில் கட்டிய நூலை முதல் வேலையாக அவிழ்த்துவிட்டு, மேலே துணியைப் போட்டு மூடினாள்.

கவுனுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தவளிடமிருந்து, வாசலில் எல்லாரும் பார்க்க, மேலாளர் கூடையைப் பிடுங்கினார். "எதை ஒளிச்சு வெச்சிருக்க?"

"நீங்களே கைய விட்டுப் பாருங்க."

விட்டார். கடையே அதிர அலறினார். விரலில் நண்டு தொங்கியது.

"தண்ணியில கைய வைங்க, விட்டுரும்," என்றாள் அமலோற்பவம். "உங்கள மாதிரி மூஞ்சியையும் சேலையையும் பாத்து ஆளப் பிடிக்க அதுக்குத் தெரியாதுல்லா."