நாலு கால் தாய்மாமன்

கொழிஞ்சிப்பட்டி ஏகாம்பரம் வீட்டில் நாலு பேர். ஏகாம்பரம், அவர் மனைவி வடிவு, தம்பிகள் சிங்காரமும் தாண்டவனும். நால்வரும் தங்கமானவர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்வார்கள். ஊரில் அவர்களிடம் எதையும் சொல்ல எல்லோரும் பயப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

மதுரையில் கட்டிக்கொடுத்த தங்கை பூங்கோதைக்கு இது தெரியும். இருந்தாலும் அவசரத்தில் மறந்துவிட்டாள். போனில் சொன்னாள்: "அண்ணே, ஞாயித்துக்கிழமை பாப்பா தேன்மொழிக்குக் காதுகுத்து. இவுக ஆபீஸ்காரங்க எல்லாம் வர்றதால காட்டு மிருகப் பார்ட்டி மாதிரி வச்சிருக்கோம். குடும்பத்தோட ஏதாவது ஒரு மிருகமா வந்துருங்க. பத்தரைக்குள்ள முகூர்த்தம். தாய்மாமன் மடி இல்லாம காது குத்த முடியாது, பாத்துக்கோங்க."

ஏகாம்பரம் போனை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார்.

"குடும்பத்தோட ஒரு மிருகமா வரச் சொல்லுது. நாம நாலு பேரு. மிருகம் ஒண்ணு."

"பசுவாப் போவோம்" என்றாள் வடிவு.

"பசு காட்டு மிருகமா? ஒரு பசுவுக்குள்ள நாலு பேர் அடங்குவோமா? யானைதான் சரி."

"யானைக்கு நாலு காலுதானே? நமக்கு எட்டு இருக்கே" என்று தாண்டவன் கவலைப்பட்டான்.

சிங்காரம்தான் அந்த வீட்டில் மூளைக்காரன். "ஆளுக்கு ஒரு காலை மடக்கிக் கட்டிக்கிட்டாக் கணக்குச் சரியாப் போகும்" என்றான்.

அப்படியே செய்தார்கள். மேலே சாம்பல் நிறப் போர்வை, காதுக்கு இரண்டு முறம், தும்பிக்கைக்குப் பழைய கால்சட்டையில் அடைத்த பஞ்சு. ஞாயிறு காலையில் அந்த யானை நொண்டியடித்துக்கொண்டே பஸ் ஏறியது.

"எத்தனை டிக்கெட்?" என்றார் கண்டக்டர்.

"ஒரு யானை" என்றார் ஏகாம்பரம்.

கண்டக்டர் பதினெட்டு வருஷ சர்வீஸ்காரர். குனிந்து காலை எண்ணிப் பார்த்து, நாலு டிக்கெட் கிழித்தார்.

உட்கார்ந்ததும் தாண்டவன் கண்ணில் அந்த வாசகம் பட்டது: கரம், சிரம், புறம் நீட்டாதீர்.

"அண்ணே, தும்பிக்கையை உள்ள இழு. அது கரம்."

"அது மூக்குடா. மூக்கு சிரத்துல சேரும்."

"தும்பிக்கைன்னு பேருலயே கை இருக்கே?"

"எதுவா இருந்தாலும் உள்ள இழுங்க" என்றாள் வடிவு. "வாலையும் இழுங்க. புறம்னா பின்புறம்."

எல்லாவற்றையும் இழுத்தாகிவிட்டது. "காலைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே" என்றான் சிங்காரம். கட்டை அவிழ்த்து, மடக்கிய காலை நிம்மதியாக ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். எதிரே வந்த லாரிக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மதுரையில் இறங்கியதும் தங்கைக்குப் போன் போட்டார் ஏகாம்பரம். அவள் படபடப்பாக இருந்தாள். "ஆசாரி கெளம்புறேன்னு நிக்கிறாரு அண்ணே! எங்கயும் திரும்பாதீங்க. நேரா வாங்க!"

நேராகப் போனார்கள். தெரு வளைந்தது, அவர்கள் வளையவில்லை. எதிரே ஒரு சலூன் வந்தது. முன்வாசல் வழியாக யானை உள்ளே நுழைந்தது. பாதி மீசை எடுத்த நிலையில் நாற்காலியில் இருந்த ஒருவர், மீதி மீசையை வைத்துக்கொண்டே எழுந்து ஓடினார். யானை அவர் போன வாசலைப் பார்த்து, "அவரு திரும்புறாரு, நாம திரும்பக் கூடாது" என்று தனக்குள் பேசிக்கொண்டு, பின்வாசல் வழியே வெளியேறி, ஒரு சுவர் ஏறிக் குதித்தது. குதித்த இடம் காதுகுத்து நடக்கும் மண்டபத்தின் சமையல்கட்டு.

பூங்கோதை அழாத குறைதான். முகூர்த்தம் முடியச் சொற்ப நேரமே இருந்தது. சிங்கமும் கரடியுமாக விருந்தாளிகள் சுற்றி நின்றார்கள். ஆசாரி தங்க ஊசியைக் கையில் எடுத்தார்.

"தாய்மாமன் மடியில குழந்தையை வைங்க."

யானைக்குள் சலசலப்பு எழுந்தது.

"யானைக்கு ஏது மடி?"

"மடி பசுவுக்குத்தான் இருக்கு. அதான் அன்னைக்கே பசுன்னு சொன்னேன்" என்றாள் வடிவு.

"அண்ணே!" என்று பூங்கோதை போட்ட சத்தத்தில் யானை அப்படியே தரையில் உட்கார்ந்தது. குழந்தையை அதன் மேல் வைத்தார்கள். ஊசியைப் பார்த்ததும் தேன்மொழியின் உதடு பிதுங்கியது.

"பிள்ளை அழாமப் பாத்துக்கோங்க" என்றார் ஆசாரி.

உடனே போர்வைக்குள்ளிருந்து நாலு தலைகள் வெளியே வந்தன. நால்வரும் அழாமல், இமைக்காமல், குழந்தையையே பார்த்தார்கள். ஒரு யானைக்கு நாலு முகம் முளைத்ததைக் கண்ட தேன்மொழி கெக்கெக்கே என்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஆசாரி காதைக் குத்திவிட்டார். பிள்ளை ஒரு சிணுங்கல்கூடச் சிணுங்கவில்லை. மண்டபமே கை தட்டியது. பூங்கோதை அண்ணனைப் பெருமையோடு பார்த்தாள்.

ஏகாம்பரம் முகம் மட்டும் வாடிப்போயிருந்தது.

"காதுகுத்துன்னா அழுகை இருக்கணுமே" என்றார் மெதுவாக. "பிள்ளை அழலை. சடங்கு குறையா நிக்குது."

"பிள்ளைக்கு ஆக வேண்டியதை எல்லாம் தாய்மாமன்தானே செய்யணும்?" என்றான் சிங்காரம்.

அவ்வளவுதான். நால்வரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, மண்டபம் அதிர, மூக்கு ஒழுக ஒழுக அழுதார்கள். கரடி ஒன்று ஓடிவந்து தண்ணீர் கொடுத்தது. சிங்கம் முதுகைத் தடவிவிட்டது. தேன்மொழி தன் வாயிலிருந்த கற்கண்டை எடுத்து மாமன் வாயில் வைத்தாள். ஒருவழியாக அழுது ஓய்ந்து, போர்வையில் முகம் துடைத்தார்கள்.

ஆசாரி தொண்டையைக் கனைத்தார். "சரி, பிள்ளையை இந்தப் பக்கம் திருப்புங்க. இன்னொரு காது பாக்கி இருக்கு."

ஏகாம்பரம் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாய்யா? இருந்த கண்ணீரை எல்லாம் ஒரே காதுக்குச் செலவழிச்சுட்டமே!"