நரிக்கல் வழியின் பழைய பதிப்பு

நரிக்கல் பாறையில் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். முதலில், அதன் தென்முகத்தைக் குவாரிக்குக் குத்தகை விட்டு வெடி வைத்தார்கள். இரண்டாவது, ஏன் என்று கேட்டவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். மூன்றாவது, மிஞ்சிய வடமுகத்துக்கு ஒரு சுற்றுலா நிறுவனம் வந்து, பாறை ஏறும் நம் ஆட்கள் முதன்முதலில் ஏறித் திறந்த வழிகளுக்குத் தன் விளம்பரதாரர்களின் பெயரை வைத்தது. நான்காவது, நம் ஆட்களில் ஒருவனான கார்வண்ணன் அந்தப் பாறையிலிருந்து விழுந்து செத்தான். வழிக்குறிப்பை ஒழுங்காகப் படிக்கத் தெரியாதவன் என்று ஊர் சொன்னது.

முதல் மூன்றையும் எதிர்த்து நோட்டீஸ் அடித்தவர் தவசிலிங்கம். லத்திக்கும் குனியாதவர். வழிகள் நம் பெயரிலேயே இருக்கட்டும் என்று இணையத்தில் ஒரு தளம் தொடங்கி, ஒவ்வொன்றிலும் எப்படி ஏறுவது என்று எழுதி ஏற்றியவரும் அவரே. அவருக்குப் பாறை ஏறக் கற்றுக்கொடுத்தவர் லூர்துமேரி. அரசுப் பள்ளி விளையாட்டு ஆசிரியை, அவரைவிடப் பதினோரு வயது இளையவர்.

ஒரு சனிக்கிழமை, பள்ளி மைதானத்தில் தவசி அவரைப் பார்க்கப் போனார்.

"டீச்சர், ஒரு பக்கத்தை அழிச்சிடலாமான்னு கேக்க வந்தேன்."

"எதை?"

"கார்வண்ணன் விழுந்த வழியை."

தவசி போனை நீட்டினார். யார் படிக்கிறார்கள் என்று தளம் காட்டும் இடத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. கார்வண்ணன். பக்கத்திலேயே, 'பழைய பதிப்பு'.

"தினமும் மத்தியானம் வருது. அவன் போன் அவனோடயே நொறுங்கிப் போச்சு, டீச்சர்."

"பழைய பதிப்புன்னா? நீங்க எப்ப மாத்தினீங்க?"

தவசி மைதானத்தைப் பார்த்தார்.

"அண்ணே, எப்ப?"

"அவன் விழுந்த அன்னிக்குச் சாயங்காலம்."

எழுதினாலும் திருத்தினாலும், பாறையடியில் இரண்டு பேர் முன்னால் வாசித்துவிட்டே தளத்தில் ஏற்ற வேண்டும். தவசி போட்ட விதிதான் அது. நிறுவனம் முந்திப் பெயர் வைத்துவிடும் என்று, எழுதிய முதல் தடவை அவர் வாசிக்கவில்லை. திருத்திய இரண்டாம் தடவை ஏன் வாசிக்கவில்லை என்று லூர்துமேரி கேட்கவில்லை.

"நாளைக்கு உச்சிவெயிலுக்குப் பாறைக்கு வாங்க. பழசையும் கொண்டாங்க."

மறுநாள் அங்கே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஏறுபவர்களுக்குக் கீழே நின்று கயிறு பிடிக்கும் பஷீர். கார்வண்ணனின் அக்கா அல்லி.

"என்ன அண்ணே, திடீர் மீட்டிங்? மைக் செட்டைக் காணோம்?" என்றான் பஷீர்.

தவசி போனை எடுத்தார்.

"பழசை வாசிங்க," என்றார் லூர்துமேரி.

"இருபது அடி நேரே ஏறவும். திட்டில் நிற்கவும்."

காற்று இல்லை. பாறை காலியாக இருந்தது. திட்டின் பக்கமிருந்து ரப்பர் ஷூ கல்லில் உரசும் சத்தம் வந்தது.

பஷீர் அண்ணாந்து பார்த்தான். "யாரும் இல்லையே."

"வாசிங்க."

"திட்டிலிருந்து இடப்பக்கம் நகரவும்."

உரசல் இடப்பக்கம் நகர்ந்தது. அல்லியின் தோளில் மணல் உதிர்ந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.

தவசியின் குரல் நின்றது. உரசலும் நின்றது.

"இடது இல்ல, டீச்சர். வலது. உச்சியில நின்னு, கீழ எட்டிப் பார்த்து எழுதினேன். மேல நிக்கிறவனுக்கு இடதுன்னா, ஏறுறவனுக்கு அது வலது. அவனுக்கு இடது பக்கம் இருந்தது ஒட்டாத பலகைக்கல், பிடிச்சா பெயர்ந்துடும்."

"அப்ப என் தம்பி சரியாத்தான் படிச்சிருக்கான்," என்றாள் அல்லி.

மேலே சத்தமே இல்லை.

"பக்கத்தை அழிச்சுட்டா, அவன் எதைப் பார்த்து நகருவான், அண்ணே?" என்றார் லூர்துமேரி.

தவசி திருத்தத்தை வாசித்தார். "திட்டிலிருந்து வலப்பக்கம் நகரவும்."

அசைவில்லை. கூட்டத்தில் பேசும் குரலில், இன்னும் உரக்க வாசித்தார். பாறை அதைத் திருப்பிச் சொல்லக்கூட இல்லை.

"நகர மாட்டேங்கிறான், டீச்சர்."

"ஒரு தடவை நம்பி விழுந்தவன், அண்ணே. தப்பா எழுதினது யாருன்னு நீங்க இன்னும் வாசிக்கலையே."

"அப்படி ஒரு வரி அதுல கிடையாதே."

"எழுதிட்டு வாசிங்க."

தவசி போனில் தட்டினார். பிறகு தலையைத் தூக்கி, பஷீரைப் பார்த்தார், அல்லியைப் பார்த்தார், வாசித்தார்.

"இந்த வழியைத் தவறாக எழுதியவர், கார்வண்ணன் விழுந்த பிறகு யாருக்கும் சொல்லாமல் திருத்தியவர், சூ. தவசிலிங்கம்."