ஆட்காட்டி ஏன் தள்ளிப்போய்க் கத்துகிறது

பறவைகளும் நம்மைப் போலப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், வற்றிய ஏரி ஒன்றில் செவந்தி என்ற ஆட்காட்டிக் குருவி குடும்பம் நடத்தினாள். அவளுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. மூன்று குஞ்சு பொரித்த பிறகு கேட்கவே வேண்டாம்.

கடைக்குட்டி பொடிச்சி நத்தை ஓட்டைப் புரட்டினால், "அப்படி இல்லடி, இப்படி" என்று இவளே புரட்டிக் காட்டுவாள். மூத்தவன் பள்ளம் பறித்தால், "மண்ணு ஒட்டுது, எந்திரி" என்பாள். நடுப்பிள்ளை சும்மா வானத்தைப் பார்த்தாலும் விடமாட்டாள், "பசிக்குதா?" என்று போய் நிற்பாள்.

"புள்ளைங்க பாட்டுக்கு விளையாடுது, விடேன்டி" என்பான் புருஷன் நெட்டக்காலன்.

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

குஞ்சுகள் தாங்களாகவே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தன. கல்லாட்டம். கூழாங்கற்களுக்கு நடுவே படுத்துக் கல்லாகிவிட வேண்டும். முதலில் அசைந்தவர் தோற்றவர். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் செவந்தி வந்துவிடுவாள். "ஏன் இப்படிக் கெடக்குறீங்க? காய்ச்சலா?" அவ்வளவுதான், பொடிச்சி தோற்றுப்போவாள்.

"அம்மா, நீ கிட்ட வந்தாலே என் தலை தானா திரும்புது. தள்ளிப் போயேன்!" என்று ஒருநாள் பொடிச்சி அழுதே விட்டாள்.

செவந்திக்குச் சுருக்கென்றது. பெற்றவளையே போகச் சொல்கிறதே! இருந்தாலும் பத்தடி போனாள். அந்தப் பத்தடியும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனாள்.

குஞ்சுகள் மறுபடி கல்லாகிப் படுத்த நேரம், தரையில் ஒரு நிழல் ஓடியது. பருந்து!

செவந்தி ஓடிப்போய்ப் பிள்ளைகளை இறக்கைக்குள் அள்ளிக்கொள்ளத் துடித்தாள். இரண்டு எட்டும் வைத்துவிட்டாள். பொடிச்சியின் தலை லேசாகத் திரும்பியது. செவந்தி அப்படியே நின்றாள். இன்னும் கிட்டப் போனால் பிள்ளை அசையும், அசைந்தால் பருந்து பார்த்துவிடும்.

எதிர்ப்பக்கமாகப் பறந்தாள். கரையோரம் போய், "இங்கே! இங்கேதான்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பருந்து அவள்மேல் பாய்ந்தது. நழுவினாள், கத்தினாள், மறுபடி நழுவினாள். தன் தலை பிள்ளைகள் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அலுத்துப்போன பருந்து வேறு பக்கம் போய்விட்டது.

திரும்பி வந்தவள் பத்தடியிலேயே நின்றாள். மூன்று கல்லும் அசையவில்லை. "எந்திரிங்க" என்ற சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றாள்.

"அண்ணன்தான் முதல்ல அசைஞ்சான்! நான் ஜெயிச்சுட்டேன்!" என்று கடைசியில் துள்ளி எழுந்தாள் பொடிச்சி. பருந்து வந்ததே அவளுக்குத் தெரியாது.

அன்று ஆரம்பித்ததுதான். ஏரிப்பக்கம் யார் கால் வைத்தாலும் ஆட்காட்டி எங்கேயோ தள்ளிப்போய் ஊரையே கூட்டுகிறாள். பிள்ளைகள் கிடக்கும் பக்கம் மட்டும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.